திறந்திருந்த பெட்டிக் கதவு

இரும்புப் பெட்டிக்குள் ஓடும் ஒயர்கள் ஒன்றையொன்று கெடுக்கின்றனவா என்று கம்ப்யூட்டரில் மாதிரி செய்து பார்ப்பது என் பிழைப்பு. "பொட்டிக்குள்ள எட்டிப் பாக்குற உத்தியோகம்" என்று என் மனைவி கிண்டல் செய்வாள். நிஜமாகவே ஒருமுறை எட்டிப் பார்த்திருக்கலாம்.

நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணை. நாலாபுறமும் அடைத்த கொட்டகை. உள்ளே எவ்வளவு சூடு என்று சென்சார் சொல்லும்; அதை வைத்துப் பெரிய விசிறிகளின் வேகம் கூடும், குறையும். விசிறிகளின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் என்ற கருவியும் சென்சார் ஒயரும் புதிதாக வைக்கப்போகும் ஒரே பெட்டியில், நடுவில் ஒரு தகரத் தடுப்பு. டிரைவிலிருந்து கிளம்பும் மின் இரைச்சல் அந்த ஒயரில் ஏறிச் சென்சாரைத் தப்பாகக் காட்ட வைக்குமா என்று கேட்டார்கள். கொண்டப்பநாயக்கன்பட்டியில் என் வீட்டு மாடியில் உட்கார்ந்தபடியே பார்த்து, ஏறாது என்று எழுதிக் கொடுத்தேன். பண்ணைக்குப் போகவில்லை. சோம்பல்தான், வேறென்ன.

சித்திரை வெயிலில் ஒரு மதியம், கொட்டகை குளிர்ந்திருப்பதாகச் சென்சார் காட்டியது. விசிறிகள் அடங்கின. பாதிக் கோழிகள் செத்துப்போயின.

நான் போனபோது குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். பெட்டிக் கதவு விரியத் திறந்திருந்தது. எதிரே ஸ்டூல்மேல் ஒரு டேபிள் ஃபேன். டிரைவ் சூடேறி நின்றுவிடக் கூடாதென்று கோடையில் இந்தப் பக்கம் அப்படித்தான் வைப்பார்களாம். என் கம்ப்யூட்டர் மாதிரியில் கதவு எப்போதும் மூடியே இருந்தது. கதவைத் திறந்துவிட்டால் இரைச்சல் தடுப்பைச் சுற்றிக்கொண்டு ஒயருக்குப் போய்விடும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்.

பண்ணைக்காரர் கேட்டார்: "கதவத் தெறந்து வெச்சதுதான் காரணமுங்களா சார்?"

பக்கத்தில் பண்ணை எலக்ட்ரீஷியன், ஐம்பது வயதுக்காரர், என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். "பழைய பொட்டிக்கும் பத்து வருசமா இப்படித்தானுங்க வெச்சேன்" என்றார்.

கோடையில் இங்கே என்ன செய்வீர்கள் என்று நான் யாரையும் கேட்கவில்லை. அதைச் சொல்லியிருக்க வேண்டும். பயந்துவிட்டேன்.

"ஆமாங்க. கதவு மூடியிருக்கணும்னு ரிப்போர்ட்லயே இருக்குதுங்க" என்றேன். பதினோராம் பக்கத்தில், இங்கிலீஷில், ஒரே வரி. எலக்ட்ரீஷியன் அந்த ரிப்போர்ட்டைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

"நாளைலருந்து வர வேண்டாம்" என்று பண்ணைக்காரர் அவரிடம் சொல்லிவிட்டுக் குழிப்பக்கம் போனார்.

எலக்ட்ரீஷியன் ஃபேனை நிறுத்தி ஒயரைச் சுற்றினார். பெட்டிக் கதவைச் சாத்தித் தாழிட்டார். "என்ர ஊட்டு ஃபேனுங்க, எடுத்துக்கறேன்" என்று, நான் ஏதோ கேட்டதுபோல என்னிடம் சொன்னார். அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மற்றக் கையைத் தூக்கி எனக்கு ஒரு கும்பிடு போட்டார்.

"வாரேனுங்க சார்."

நான் தலையாட்டினேன்.