கார்பனையும் சேர்த்துக் கொடுப்பவர்

புதுக் கார்பன் தாள் ஒன்றை உறையிலிருந்து உருவி வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்க்கிறார் கிருபாபாய். அதில் ஒரு எழுத்தும் இல்லை. எதிரே உட்கார்ந்திருக்கும் மனுக்காரரிடமும் அதை நீட்டுகிறார். "நல்லாப் பாத்துக்கிடுங்க. ஒண்ணும் இல்லல்லா?" மனுக்காரருக்கு விஷயம் புரியவில்லை, இருந்தாலும் தலையாட்டுகிறார். அதன் பிறகே இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவில் கார்பன் போகும், உருளை திரும்பும், விரல்கள் விசைகளில் அமரும்.

அடித்து முடித்ததும் அசலையும் நகலையும் கொடுப்பது எல்லா டைப்பிஸ்டும் செய்கிற காரியம். கிருபாபாய் கார்பனையும் சேர்த்துக் கொடுத்துவிடுவார். ஒரே ஒரு தடவை பயன்பட்ட கார்பனை வெளிச்சத்தில் பிடித்தால், அடித்ததெல்லாம் வரி வரியாகத் தெரியும். மற்றவர்கள் ஒரு கார்பனை எழுத்து மங்குகிற வரைக்கும் ஓட்டுவார்கள். இவருக்குப் பக்கத்துக்கு ஒரு புதுக் கார்பன்.

அடுத்த மேஜைக்காரர் ரத்தினத்துக்கு இது ஆறவே இல்லை. "யக்கா, கார்பனையும் குடுத்தாச்சு. மிசினையும் கட்டிக் குடுத்துரு, போற வழியில அடிச்சுக்கிடட்டும்."

"நீ ஓட்டையாப் போன கார்பன வச்சு ஒப்பேத்துலே. எங்கிட்ட வராத."

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடையை ஒட்டி இறக்கிய தகரச் சார்ப்பில் இருவருக்கும் இடம். கிருபாபாய் ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் வருகிறார். வயது முப்பதைக் கடந்துவிட்டது. ஒல்லியான உடம்பு, தடித்த கண்ணாடி. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக நகம் வெட்டுவார். நீண்ட நகம் விசையில் தட்டினால் அவருக்குப் பல் கூசும். பஸ்ஸில் இடம் கிடைக்காத நாட்களில் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்திருக்கும் அவருடைய விரல்கள் சும்மா இருப்பதில்லை. கண்டக்டர் கூவுகிற ஊர்ப்பெயர்களை அந்தக் கம்பியிலேயே அடித்துக்கொண்டு வரும். "அது தன்னால அடிக்கி. நான் சொல்லல" என்பார்.

அவர் அடிக்கிற சத்தத்தில் தனித்தனித் தட்டல் கேட்காது. இடைவெளி இல்லாத ஒரே ஓசையாக ஓடி, வரி முடிவில் மணி அடித்து, மறுபடி ஓடும். கூட உட்கார்ந்து அடிப்பதற்கு ரத்தினம் கூச்சப்படுவார். "அந்தச் சத்தத்துக்கு நடுவுல நான் அடிச்சா என் மிசின் நொண்டுத மாதிரி கேக்கு" என்று டீ குடிக்கப் போய்விடுவார்.

அந்த வேகம் அவருக்கு வேலை வாங்கிக் கொடுக்கவில்லை. வரவேண்டிய ஒரு வேலையைக் கெடுத்தது. எண்பத்தாறில் நடந்ததாக அவர் சொல்வார். எண்பத்தேழு ஜனவரியில், பொங்கலுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை நடந்தது என்பதே சரி. ராஜபாளையத்துப் பஞ்சாலை ஒன்று, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய இரண்டு ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகளுக்கும் சேர்த்து ஒரு வேகப் போட்டி வைத்தது. முதலில் வருகிறவருக்கு மில் ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை. எல்லா இன்ஸ்டிடியூட்டிலும் புழங்குகிற அதே பயிற்சிப் புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தார்கள். மற்றவர்கள் பாதிப் பக்கம் தாண்டுவதற்குள் கிருபாபாய் தாளை உருவி வைத்துவிட்டு, கைகளை மடியில் கோத்துக்கொண்டார்.

மேனேஜர் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்தப் பக்கம் வரும் என்று முன்பே விசாரித்து, வீட்டிலேயே பாதியை அடித்துக்கொண்டு வந்து, போட்டியில் மீதியை மட்டும் அடிக்கிற தந்திரம் அப்போது சிலரிடம் இருந்தது. "இது கொண்டுவந்த தாளு" என்றார். கிருபாபாய் மறுத்தார். சரி என்று இன்னொரு பக்கத்தைப் பிரித்துக் கொடுத்து, பக்கத்திலேயே நின்றுகொண்டார். அவர் கண்ணெதிரே இவர் அதையும் அடித்து முடித்தார். முதலில் அடித்ததைவிட வேகமாகவே அடித்தார்.

"அதுக்கு அவிய என்ன சொன்னாவங்கிய? ‘புஸ்தகம் முச்சூடும் மனப்பாடம் போல’ன்னாவ. அடிக்கலன்னாலும் களவாணி, அடிச்சாலும் களவாணி."

வேலை இரண்டாவதாக வந்தவருக்குப் போனது.

மனப்பாடமே இல்லையா என்று, மனு அடித்து வாங்கப் போயிருந்த ஒரு நாள் நான் அவரிடமே கேட்டேன். ரிப்பனைச் சுற்றிக்கொண்டே சொன்னார். "மூணு வருசம் ஒரே புஸ்தகத்த அடிச்சா மனசுல நிக்காமயா போகும்? கண்ணு பாக்குமுன்ன விரலு போகும். அதுக்குப் பேரு பழக்கமா, களவா? நீங்கதான் சொல்லணும்." எந்த இடத்தில் பயிற்சி முடிந்து மனப்பாடம் தொடங்குகிறது என்பதை அந்த மேனேஜராலும் சொல்லியிருக்க முடியாது.

ஆனால் இரண்டு குற்றச்சாட்டுக்கும் கிருபாபாய் தம் வழியில் பதில் கண்டுபிடித்தார். மனப்பாடம் என்றவருக்குப் பதிலாகக் கோர்ட் வாசலுக்கு வந்தார். "இங்க வருத கதையெல்லாம் புதுசு. அடுத்தவிய சண்டைய நான் முந்தின நாளே மனப்பாடம் பண்ணிட்டு வர முடியுமா?" கொண்டுவந்த தாள் என்றவருக்குப் பதில், அந்தக் கார்பன். மனுக்காரர் கண்ணெதிரே வெறுமையாக உள்ளே போன கார்பன், முழுப் பக்கத்தோடு வெளியே வருகிறது. அவ்வளவையும் இங்கே, இப்போதுதான் அடித்தேன் என்பதற்கு அதுவே சாட்சி. யாரும் கேட்காத சாட்சியை ஏழு வருடமாக எல்லோர் கையிலும் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார்.

போன தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் கான்சாபுரத்திலிருந்து வெள்ளத்தாய் என்ற அம்மாள் வந்தார். கணவர் இல்லை. கிணறு அவருக்கும் கொழுந்தனார் மொக்கைச்சாமிக்கும் பொது. பிளவக்கல் அணையில் தண்ணீர் திறக்காத வருடம். நெல் அந்தக் கிணற்றை நம்பி நின்றது. கிணற்று மோட்டாரைக் கழற்றப் போவதாகக் கொழுந்தனார் மிரட்டுகிறார், கோர்ட் தடுக்க வேண்டும் என்பது மனு. கிருபாபாய் அடித்துக் கொடுத்த மனுவை வக்கீல் குமாஸ்தா கருத்தையா வாங்கிக்கொண்டார். திங்கட்கிழமை தாக்கல் செய்வதாக ஏற்பாடு. கார்பன் வழக்கம்போல வெள்ளத்தாயின் கைக்குப் போனது.

திங்கட்கிழமை காலையில் அந்த அம்மாள் வந்தபோது, பென்ஷன் சம்பந்தமான விண்ணப்பம் ஒன்றை அடித்து வாங்குவதற்காக நானும் சார்ப்பில் உட்கார்ந்திருந்தேன்.

"மோட்டாரக் கழத்திட்டாரு. நேத்துக் காலையிலேயே டிராக்டர்ல ஏத்தி எங்கயோ கொண்டு போயிட்டாரு" என்றார் வெள்ளத்தாய்.

கருத்தையாவுக்கு நம்ப முடியவில்லை. "மனுக் கட்டு எங்கிட்டல்லா இருக்கு? அந்த ஆளுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

வெள்ளத்தாய் மடியிலிருந்து நாலாக மடித்த கார்பனை எடுத்தார். விரல்களில் கறுப்பு ஒட்டியது. "இதத்தான் வெயில்ல பிடிச்சு வாசிச்சாரு. எனக்கு வாசிக்கத் தெரியாது. கோர்ட்டுக் காயிதமாச்சேன்னு பத்திரமா மாடக்குழியில வச்சிருந்தேன். ஒரே வீடு, நடுவுல தட்டிதான். தீப்பெட்டி தேடி வந்தவரு கையில மாட்டிக்கிடுச்சு."

 

"நாந்தான் குடுத்தேன்" என்றார் கிருபாபாய்.

"நீ என்ன செய்வ தாயி. நல்லதுக்குத்தான குடுத்த. கதிர் பால் பிடிக்குத நேரம். இன்னும் ரெண்டு நாள் தண்ணி காணாட்டி அம்புட்டும் பதராப் போயிரும்."

பழைய மனுவால் இனிப் பயனில்லை. மோட்டாரைத் திரும்ப மாட்டச் சொல்லிப் புது மனு போட வேண்டும். கருத்தையா கடிகாரத்தைப் பார்த்தார். "ஜட்ஜ் அய்யா சாப்பாட்டுக்கு எந்திரிக்கதுக்குள்ள உள்ள போயிறணும். எழுதி வச்சு அடிக்க நேரமில்ல. நான் சொல்லுதேன். நீங்க ரெண்டு பேரும் ஆளுக்குப் பாதியா அடிங்க."

"வேண்டாம். நீங்க சொல்லுங்க, நான் அடிக்கேன்."

அன்றைக்கு அவர் கார்பனை வெயிலில் பிடிக்கவில்லை, யாரிடமும் நீட்டவில்லை. கருத்தையா நின்றபடியே சொல்லத் தொடங்கினார். அந்தக் குமாஸ்தா வேகமாகப் பேசுவதற்குப் பெயர் போனவர். ஒரு வாக்கியத்தை முடித்து அடுத்ததை யோசிப்பதற்குள் சத்தம் நின்று, அவருக்காகக் காத்திருந்தது. டீக்கடையில் நின்றவர்கள் கிளாஸோடு வந்து எட்டிப் பார்த்தார்கள். மூன்றாவது பக்கத்தில் கருத்தையா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "செத்த பொறு தாயி, மூச்சு வாங்கிக்கிடுதேன்" என்றார்.

"சொல்லுதவருக்கு எளைக்கி. அடிக்கவகளுக்கு எளைக்கல" என்றார் கூட்டத்தில் ஒருவர். கிருபாபாய் நிமிரவில்லை. ராஜபாளையத்து மில்லில் அவருக்குக் கிடைக்காமல் போன வார்த்தை அது. அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

ஐந்து பக்கம். மை காயுமுன் வெள்ளத்தாயின் கைரேகையை வாங்கி, வக்கீலிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கருத்தையா சாலையைக் கடந்து ஓடினார். உணவு இடைவேளைக்கு வக்கீல்கள் வெளியே வந்த நேரத்தில், வேர்த்து வழியத் திரும்பி வந்தார். "எடுத்துக்கிட்டாவ. இன்னைக்குச் சாயங்காலமே விசாரிக்கேன்னு சொல்லியிருக்காவ."

வெள்ளத்தாய் கும்பிட்டார். பிறகு, போனமுறை கொடுத்தார்களே என்ற நினைப்பில், மேஜை மேல் கிடந்த ஐந்து கார்பன்களையும் எடுக்கக் கை நீட்டினார்.

கிருபாபாய் அவற்றின் மேல் உள்ளங்கையை வைத்தார். "இது எங்கிட்ட கெடக்கட்டும்மா. அந்தப் பழசையும் குடுங்க."

நாலாக மடித்த அந்தக் கார்பனை மேஜையில் வைத்து நீவினார். இரண்டு கழிவுத் தாள்களுக்கு நடுவே அதை வைத்து உருளையில் ஏற்றினார். ஒரே எழுத்தை, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், பழைய வரிகளின் மேலேயே வரி வரியாக அடித்தார். டீக்கடையிலிருந்து வந்தவர்கள் இன்னும் போகவில்லை. என்ன அடிக்கிறார் என்று அவர்களுக்குத் தெரியவில்லை; அவ்வளவு வேகத்தை யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. பக்கம் முடிந்ததும் கார்பனை உருவி, எப்போதும் செய்வதுபோல் வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். ஓரத்தில் மனுவின் ஒரு வரி இன்னும் தெரிந்தது போலும். மறுபடியும் உருளையில் ஏற்றினார்.