மாப்பிள்ளை கழுத்தும் மூன்று பேர் ஸ்க்ரமும்

1. கழுத்துப் பட்டையோடு ஒரு அம்மா

மகன் கழுத்துக்கு டாக்டர் கொடுத்த பட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக மைதானத்துக்குள் வந்துவிட்டார் மைமூன் அம்மா. மாலை நான்கரை மணி இருக்கும். நான் வாயில் வைத்திருந்த விசிலை எடுக்கக்கூட அவர் நேரம் தரவில்லை.

"டீச்சர், இவன் கழுத்து எனக்கு நேரா வேணும். இன்னும் அஞ்சு வாரத்துல நிக்காஹ். மேடையில உக்காந்துக்கினு வர்றவங்களுக்கு சலாம் சொல்லணும்னா, மொத்த உடம்போட திரும்புவானா இவன்? ஊரு சிரிக்காது?"

பக்கத்தில் ரஃபீக் தலையைக் குனிய முயன்றான். குனிய வரவில்லை. மரக்காணம் பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் இருபத்தாறு வயது ஆள், அம்மா முன்னால் எட்டாம் வகுப்புப் பிள்ளை போல நின்றான்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். முப்பது வருஷம் பி.டி. டீச்சர். என் விளையாட்டு கபடி, கோகோ. ஒரு நாள் ஹெட்மாஸ்டர், "ரக்பி கோச்சிங் கோர்ஸுக்கு யாராவது ஒருத்தர் போகணும்" என்றார். மற்ற எல்லாரும் சட்டென்று ஃபேனைப் பார்த்தார்கள். நான் ஏமாளி, அவர் முகத்தைப் பார்த்துத் தொலைத்தேன். ஆறு நாள் படித்துவிட்டு ரக்பி கோச் ஆனேன். ரிடையர் ஆனபிறகும் பழைய மாணவர்கள் ஒரு டீம் சேர்த்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள். ஏழு பேர் ஆடும் ரக்பி. எங்களிடம் இருந்ததும் சரியாக ஏழே பேர். ஒருத்தன் விலகினால் டீமே கிடையாது.

ரஃபீக்தான் எங்கள் ஹூக்கர். பந்து கைதவறி முன்னால் விழுந்தால் ஆட்டத்தை நிறுத்தி ஸ்க்ரம் போடுவார்கள். இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் மூன்று பேர், தோளோடு தோள் கோத்துக் குனிந்து முட்டிக்கொள்ள வேண்டும். நடுவில் பந்தை உருட்டுவார்கள். நடு ஆளான ஹூக்கர் அதைக் காலால் பின்னுக்கு இழுக்க வேண்டும். அவனுடைய இரண்டு கையும் பக்கத்து ஆட்களின் தோள்மேல் இருக்கும். மூக்கில் கொசு உட்கார்ந்தாலும் ஓட்ட முடியாது. இரண்டு பக்கமும் ஒன்றாகத் தள்ளாவிட்டால் ஸ்க்ரம் திருகிக்கொண்டு விழும். நடுவில் இருப்பவன் கழுத்துதான் மாட்டும். மாட்டியது.

"ஒரே ஒரு மேட்ச் பாக்கறேன் டீச்சர். நானே வந்து நிப்பேன். இன்னொரு தடவ இவன் கழுத்து புடிச்சிக்கினா, உங்க ரக்பிக்கு ஒரு பெரிய கும்பிடு" என்றார் மைமூன் அம்மா.

2. தொண்டையால் செய்த கோச்சிங்

அதுவரை நான் செய்த கோச்சிங்கை மறைக்காமல் சொல்கிறேன். கத்தினேன். "தள்ளு, தள்ளு, தள்ளுடா!" அவ்வளவுதான். ஸ்க்ரம் விழுந்தால் பலம் போதவில்லை என்று முடிவு கட்டி, டயர் இழுக்க விட்டேன், சுவரைத் தள்ள விட்டேன். சுவரில் ஒரு காரை பெயர்ந்தது. ஸ்க்ரம் அப்படியேதான் விழுந்தது.

ரஃபீக்குக்கு இடப்பக்கம் வேலு, எக்கியார்குப்பத்து ஆள், ஃபைபர் போட்டில் மீன்பிடிக்கப் போகிறவன். வலப்பக்கம் ஆரோக்கியம், உப்பளத்தில் வேலை. இரண்டு பேரும் ஆளுக்கொரு தூண் மாதிரி இருப்பார்கள். ஒவ்வொரு தடவை விழுந்ததும் மண்ணைத் தட்டுவதற்கு முன் சண்டையை ஆரம்பிப்பார்கள்.

"டீச்சர், இவன் நடுநடுவுல வுட்டுர்றான்!" என்பான் ஆரோக்கியம்.

"ஏம்பா, நீ நேரங்காலம் இல்லாம தள்ளிக்கினே கீறியே, அது மட்டும் சரியா?" என்பான் வேலு.

வாயை மூடுங்கடா என்று இரண்டு பேரையும் மைதானத்தைச் சுற்றி ஓட விடுவேன். கோளாறு என்ன என்பதை அவர்களே அட்சரம் பிசகாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்குத்தான் காது இல்லை.

3. மீன் வாங்கப் போன இடத்தில்

மைமூன் அம்மா வந்துபோன மறுநாள் காலை குப்பத்துக்கு மீன் வாங்கப் போனேன். கரையில் போட்டைத் தண்ணீரில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். வேலு தோளைக் கொடுத்து நின்றான், ஆனால் தள்ளவில்லை. அலை வந்து போட்டை லேசாகத் தூக்கியதும் "ஹோய்!" என்று எல்லாரும் ஒரே தள்ளு. பிறகு சும்மா நின்றார்கள். அடுத்த அலை வந்ததும் மறுபடி "ஹோய்!"

"ஏன்டா நிறுத்தி நிறுத்தித் தள்றீங்க?" என்று கேட்டேன்.

"அல தூக்கிக் குடுக்கும்போதுதான் தள்ளணும் டீச்சர். அல இல்லாம தள்ளினா போட்டு நகராது, இடுப்புதான் நகரும்."

அப்படியானால் ஆரோக்கியம் எப்படித் தள்ளுகிறான் என்று உடனே பார்க்க வேண்டும். வாங்கின சங்கரா மீனை ஸ்கூட்டியில் மாட்டிக்கொண்டு நேராக உப்பளத்துக்கு விட்டேன். ஆரோக்கியம் நீளக் கழி போட்ட பலகையால் பாத்தியிலிருந்து உப்பை வாரிக்கொண்டிருந்தான். வழுக்கும் தரையில் வெறுங்காலோடு சின்னச் சின்ன அடி. முதுகு ஏறவில்லை, இறங்கவில்லை. பாத்தியின் அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரம் வரை ஒரே சீராக வந்தான்.

"நடுவுல நிறுத்த மாட்டியாடா?"

"நிறுத்தினா பலகை குத்திக்கும் டீச்சர். அடிச்சேறு கிளம்பி உப்பு கருத்துடும். மேஸ்திரி வுட மாட்டாரு. ஆமா, பையில மீனா? வெயில்ல வெச்சிருக்கீங்களே!"

மீன் போனது போகட்டும், கோளாறு கிடைத்துவிட்டது. ஒருத்தன் அலைக்குக் காத்து விட்டுவிட்டுத் தள்ளுகிறான். இன்னொருத்தன் நிறுத்தவே மாட்டேன் என்கிறான். நடுவில் பாவம் ரஃபீக், ஈரத் துணி மாதிரி பிழியப்படுகிறான். இரண்டு வருஷமாக நான் இதைப் பலக்குறைவு என்று நினைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

பத்து நாளில் ரஃபீக் கழுத்து சரியாகி, டாக்டரும் ஆடலாம் என்றபிறகு மறுபடி ஸ்க்ரம் போட்டோம். முதலில் வேலுவை ஆரோக்கியம் மாதிரி தள்ளச் சொன்னேன். மூச்சடக்கித் தள்ளி முகம் கத்தரிக்காய் நிறமானதுதான் மிச்சம். ஆரோக்கியத்தை அலைக்குக் காத்திருக்கச் சொன்னேன். அவன் கடைசிவரை காத்துக்கொண்டே நின்றான். அப்போதுதான் ரஃபீக் மெதுவாக வாயைத் திறந்தான்.

"டீச்சர், கோச்சுக்காதீங்க. பந்து உள்ள வர்றத நான்தான் பாக்கறேன். நீங்க தள்ளுன்னு கத்தறது பந்து தாண்டினப்புறம்தான் வருது."

சுருக்கென்று தைத்தது. ஆனால் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மறுநாள் விசிலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன்.

புது ஏற்பாடு இதுதான். முட்டிக்கொண்டதும் மூன்று பேரும் ஆரோக்கியத்தின் உப்பளத்து உடம்போடு நிற்க வேண்டும்: தட்டை முதுகு, சின்ன அடி, ஒரே உயரம். தள்ளவும் கூடாது, விடவும் கூடாது. பந்துதான் அலை. அது உள்ளே வந்ததும் ரஃபீக் "ஹோய்" என்பான். அப்போது வேலுவின் குப்பத்துத் தள்ளு, மூன்று பேரும் ஒன்றாக. கழுத்து யாருடையதோ, குரலும் அவனுடையது.

ரஃபீக் கடை மூன்று சக்கர வண்டியில் உப்பு மூட்டை ஏற்றி, அதை எதிராளியாக வைத்துப் பழகினோம். நாலாம் நாள் ஒரே "ஹோய்"க்கு வண்டி புறப்பட்டுப் போய் வாய்க்காலில் இறங்கிவிட்டது. வண்டியைத் தூக்குவதற்குள் இருட்டிவிட்டது. ஆனால் வேலுவும் ஆரோக்கியமும் அன்றைக்குச் சண்டை போடவில்லை.

4. மேட்ச்

எதிர் டீம் பாண்டிச்சேரிப் பக்கத்திலிருந்து வந்த ஜிம் உடம்புகள். மைமூன் அம்மா குடையோடு கோட்டுக்கு வெளியே, என் பக்கத்திலேயே நின்றார். பந்தைப் பார்க்கவே இல்லை. மகன் கழுத்தை மட்டும் பார்த்தார்.

முதல் ஸ்க்ரம் நின்றது. இரண்டாவதும் நின்றது. மூன்றாவதில் "ஹோய்" கேட்டதும் எதிர் டீம் நாலடி பின்னால் போனது. நான் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு குதித்தேன். மைமூன் அம்மா குடையை மடக்கினார்.

கடைசி நிமிஷம். கொஞ்சம் முன்னிலையில் இருக்கிறோம். எங்கள் கோட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்க்ரம். மூன்று பேரும் பாறையாக நிற்கிறார்கள். பந்து இன்னும் உள்ளே வரவில்லை.

"தள்ளுங்கடா!" என்று அலறினார் மைமூன் அம்மா.

வேலு தள்ளிவிட்டான். பந்து வருவதற்கு முன் தள்ளினால் தப்பு. ரெஃப்ரி கையைத் தூக்கினார். எதிர் டீம் அந்த ஃப்ரீ கிக்கை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்ப் பந்தை எங்கள் கோட்டுக்குள் வைத்தது. தோற்றோம்.

மைமூன் அம்மா மைதானத்துக்குள் போய் மகன் தலையை இரண்டு கையாலும் பிடித்தார். இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். "நேராத்தான் இருக்குது" என்றார். பிறகு குரல் இறங்கியது. "தோத்தது நான் கத்தினதாலயா?"

எல்லாரும் செருப்பைத் தேடினார்கள். வேலு மட்டும் சொன்னான்: "அல வர்றதுக்கு முன்னாடியே கூவிட்டீங்கம்மா."

"யா அல்லாஹ்!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். "சரி, நிக்காஹ் முடியட்டும். அடுத்த மேட்ச்சுக்கு இன்ஷா அல்லாஹ் வாயில முந்தானைய வெச்சிக்கினு வர்றேன்."

ரஃபீக் நிம்மதியாக மூச்சு விட்டான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தோற்ற மேட்சுக்கு நான் அழுதது அது ஒன்றுதான், அதுவும் சந்தோஷத்தில்.

5. புதிதாக வரும் கோச்சுகளுக்கு

ஆட்களுக்குத் தள்ளத் தெரியாது என்று முடிவு கட்டாதீர்கள். அவரவர் வேலை செய்யும் இடத்துக்குப் போய் அவர்கள் காலடியைப் பாருங்கள். அதற்கு முன் விசிலைக் கீழே வையுங்கள். எனக்கு முப்பது வருஷம் ஆனது. உங்களுக்கு ஒரு காலைப்பொழுது போதும்.

நிக்காஹ் அன்று பிரியாணி அண்டாவை வண்டியிலிருந்து பெஞ்சுக்கு மாற்ற வேண்டியிருந்தது. ஒரு காதை வேலுவும் இன்னொரு காதை ஆரோக்கியமும் பிடித்தார்கள். தூக்கவில்லை. பிரியாணி சமைத்த பண்டாரி திட்டினார், அப்போதும் தூக்கவில்லை. இரண்டு பேரும் மேடையையே பார்த்தார்கள். நான் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தேன். பின்னாலிருந்து மைமூன் அம்மாவின் மருதாணிக் கை வந்து என் வாயைப் பொத்தியது.

மேடையில் மாலையோடு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை, உடம்பை அசைக்காமல் கழுத்தை மட்டும் எங்கள் பக்கம் திருப்பினான்.

"ஹோய்!"