தும்பாங்

"...வழியில இன்னொரு ஆள் கை காட்டுனா, நகந்து உக்காரணும்ணே. முடியலன்னா எறங்கி நடக்கணும் லா" என்றாள் தங்கை, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மெர்கோங்கில் அவளுடைய வாடகை அறை அது. மூடா ஆற்று வெள்ளம் எதுவரை ஏறும் என்ற அவளுடைய கணக்கு, அவள் படித்த பல்கலைக்கழகத்தின் கணினியின் சக்திக்கு மீறியது. அதனால் தொலைபேசிக் கம்பி வழியாக, தெற்கே இன்னொரு பல்கலைக்கழகத்தின் பெரிய கணினியில் இரவலாக ஓடிக்கொண்டிருந்தது. காலையில் பேராசிரியரிடம் விடையைக் காட்டாவிட்டால் பட்டம் ஓராண்டு தள்ளிப்போகும். அவளை வீட்டுக்கு அழைத்துப்போக வந்த நான், வெளியே நிறுத்தியிருந்த காடியின் சாவியை உருட்டியபடி வாசலுக்கும் நாற்காலிக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்துத் திரையில் மலாயில் ஒரு வரி வந்தது. அந்த ஊர் மாணவி ஒருத்தி கேட்டிருந்தாள்: "அக்கா, என் கணக்கு சின்னது, தும்பாங் வரலாமா?" பிறர் வண்டியில் தொற்றிக்கொண்டு போவதைத்தான் நாங்கள் தும்பாங் என்போம்.

"கம்ப்யூட்டரே அவங்களோடது. எங்கிட்ட வந்து தும்பாங் கேக்குது பாருண்ணே!" என்று தங்கை சிரித்தாள்.

"முடியாதுன்னு அடி. இடம் விட்டா ஒன்னோடது மெதுவாயிடும். அவ மொகத்தையா பாக்கப்போற?" என்றேன். நகர்ந்து உட்காரணும் என்று அவள் சொன்னது அதற்குப் பதிலாகத்தான்.

சொல்லிவிட்டு 'போலே', வரலாம், என்று தட்டினாள். தன் கணக்கைப் பின்வரிசைக்குத் தள்ளினாள். பிறகு எழுந்து வந்து என் கையிலிருந்த சாவியைப் பிடுங்கி மேசைக்குள் போட்டுவிட்டு, இரண்டு பேருக்கும் தேநீர் போடத் தண்ணீர் வைத்தாள்.