பலாப்பழத்துக்குத் தோற்ற ஸ்பிரிங்

நான் முட்டாள். முதலிலேயே சொல்லிவிட்டால், படிக்கிறவர்களுக்குக் கண்டுபிடிக்கும் சிரமம் மிச்சம். கொல்லிமலையில் குடியிருந்துகொண்டு, தரையை நக்குகிற மாதிரியான இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரை, அதுவும் பழசாக, வாங்கியவன். பக்கத்தில் மனைவியை உட்காரவைத்து, மலைக்குக் கீழே பேளுக்குறிச்சியில் இருக்கும் அவள் அம்மா வீட்டு வாசலில் போய் இறங்க வேண்டும். ஆசை அவ்வளவுதான்.

வாங்கிய கொஞ்ச நாளில் ஷாக் அப்சார்பரில் எண்ணெய் ஒழுகியது. இருந்த மாதிரியே வேறொன்றை மாட்டியிருக்கலாம். நானோ வெளிநாட்டுப் பந்தய வீடியோக்களைப் பார்த்துவிட்டு, காரை இன்னும் தாழ்த்துகிற, கல் மாதிரி இறுக்கமான ஸ்பிரிங்கும் ஷாக்கும் வரவழைத்தேன். வளைவில் கார் சாயவே இல்லை. ஆனால் ரோட்டில் கிடந்த ஒவ்வொரு கூழாங்கல்லும் மனைவியின் முதுகில் ஏறி இறங்கியது.

“ஏனுங்க, இது காருங்களா, ஒரலுங்களா?” என்றாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

கழற்றிவிட்டு மெத்தென்ற ஸ்பிரிங் போட்டேன். ஷாக்கில் சிக்கனம் பிடித்து மட்டமானதை வாங்கினேன். ஒரு குழியில் இறங்கினால், அடுத்த வளைவு வரைக்கும் கார் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டியது. பாதி மலையில் வண்டியை நிறுத்தச் சொன்னவள், ஓரமாகப் போய் வாந்தியெடுத்தாள். திரும்பி வரும்போது அவள் பஸ்ஸில் வந்தாள்.

மூன்றாவது முறை சேலத்துக் கடைக்கே போனேன். “டிக்கில என்னங்க ஏத்துவீங்க?” என்று கடைக்காரர் கேட்டார்.

“ஸ்போர்ட்ஸ் காருங்க. ஒண்ணும் ஏத்த மாட்டேன்” என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

அதற்குத் தகுந்த ஸ்பிரிங்கையே கொடுத்தார். மாட்டித் தனியாக மலையிறங்கி ஏறிப் பார்த்தேன். தொட்டில்தான். மனைவியிடம் கெஞ்சினேன். “இதுதான் கடைசி. ஆமா, சொல்லிப்போட்டேன்” என்று ஏறினாள்.

எங்கள் மலையில் கீழே போகிற வண்டி வெறுமனே போகக் கூடாது. சந்தைக்கோ சொந்தக்காரருக்கோ யாராவது எதையாவது ஏற்றிவிடுவார்கள். மாட்டேன் என்பது மரியாதை இல்லை. இத்தனை வருஷம் இங்கே இருந்தும், கடையில் நின்றபோது எனக்கு அது ஞாபகம் வரவில்லை.

வழியில் சோளக்காடு பஸ் ஸ்டாப்பில் பக்கத்துத் தோட்டக்காரர் கை காட்டினார். “கீழதானுங்களே போறீங்க? மவ ஊட்டுக்கு ரெண்டு பலாப்பழம்.” பழங்கள் டிக்கியில் ஏறின. கூடவே ஒரு மூட்டை மரவள்ளிக்கிழங்கும். காரின் பின்பக்கம் அப்படியே குந்தியது. நகர்த்தியதும் டயர் மட்கார்டில் உரசி, ஆட்டுக்கல் மாதிரி அரைத்தது.

“வண்டி படுத்துக்கிச்சுங்களே” என்றார் தோட்டக்காரர், ஏதோ மழை வருகிறது என்பதுபோல.

மனைவி பையோடு இறங்கினாள்.

“கண்ணு, பழத்த எறக்கிப்போடலாம்” என்று கிசுகிசுத்தேன்.

“அப்புறம் அவரு மூஞ்சில எப்படிங்க முழிக்கிறது?”

ஷாக்கில் இறுக்கம் கூட்டுகிற திருகு ஒன்று இருந்தது. இந்தப் பாரத்துக்கு அது உதவாது என்று எனக்கே தெரியும். இருந்தாலும் தரையில் மண்டியிட்டு, டயருக்குப் பின்னால் கையை விட்டுக்கொண்டு சொன்னேன்: “செத்த நில்லு கண்ணு, இதத் திருகுனா எல்லாஞ் சரியாப் போயிரும்.”

“பஸ்சு வந்துருச்சுங்க” என்றாள்.