அழுத மூன்று பேர்

பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்திய நான் சிம்பொனி இசையைப் பற்றி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். விஷயம் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பிளக்கைச் சொருகியதும் எங்கள் டேப் ரெக்கார்டரிலிருந்து ரப்பர் சூடேறும் வாசனை வரும். அது வந்தால்தான் பம்மலில் எங்கள் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை.

எங்களிடம் இருந்தவை மூன்றே சிம்பொனி கேசட்டுகள். அப்பாவின் ஆபீசர் மாற்றலாகிப் போகும்போது கொடுத்தவை. உறைகள் மழையில் ஊறி இசையமைப்பாளர்களின் பெயர்கள் அழிந்துவிட்டதால் நாங்களே பெயர் வைத்தோம். முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது மறுபடியும் மேளத்தை இடிப்பவர் "கோபக்காரர்". ஒரு வரியைச் சொல்லிவிட்டு அதையே மரியாதையாகத் திருப்பிச் சொல்பவர் "இஸ்திரி சட்டை". வயலின்களை மேலே மேலே ஏற்றிக்கொண்டு போய் உச்சியில் சட்டென்று கைவிடுபவர் "மாடிப்படி". மூவரும் அழுகிறவர்கள் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. யார் எப்படி அழுகிறார் என்பதுதான் விவாதம்.

"கோபக்காரன் ஊருக்கே கேக்கற மாதிரி அழுவான்டா செல்வம். இஸ்திரி சட்டை, பாத்ரூம்ல தண்ணிய தொறந்து வுட்டுட்டு அழுவான்" என்பார் அப்பா.

பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "இன்னாண்ணா, உங்க வூட்ல வாராவாரம் யாரு செத்துக்கினு கீறாங்க?" என்பார்.

இப்போது அப்பாவுக்கு நினைவு நழுவுகிறது. அம்மா இறந்ததை மறந்தார், பம்மல் வீட்டை மறந்தார். என் பெயர் மட்டும் மிச்சமிருந்தது. அதுவும் போவதற்குள் அந்த மூவரையும் கேட்கவைத்தால் எதையாவது பிடித்து நிறுத்திவிடலாம் என்று நம்பி, பரணில் கிடந்த டேப் ரெக்கார்டரைத் தாம்பரத்தில் ரிப்பேருக்குக் கொடுத்தேன்.

"டேப்ப சுத்தற ரப்பர் பெல்ட்டு தொளதொளன்னு கீது சார். இத்தினி வருசம் ஸ்லோவாத்தான் கேட்டுக்கினு இருந்தீங்களா?" என்று சிரித்தார் கடைக்காரர்.

புது பெல்ட்டோடு வீட்டில் போட்டேன். கோபக்காரர் துள்ளினார். இஸ்திரி சட்டை, கல்யாணத்தில் பந்தி விசாரிப்பவர்போல ஓடியாடினார். மாடிப்படியும் குதித்துக் குதித்து ஏறினார். ஒருவருமே அழவில்லை.

அப்பா வாசற்கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவங்கள்லாம் யாரு செல்வம்? நம்மாளுங்க எங்கடா?"

நிறுத்திவிட்டு, பழைய பெல்ட்டைத் திருப்பி வாங்க ஓடினேன். அது குப்பையோடு போய்விட்டிருந்தது. அந்த ரப்பர் வாசனையும் அதோடு போயிற்று.

மறுநாள் காலை காபி கொடுத்தேன். அப்பா டம்ளரை வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ் சார்" என்றார்.