ஏழாவது விதியும் என் அண்ணியும்

எங்கள் பல்கலைக்கழகத்தில் கூட்டம் நடந்தால், யார் என்ன சொன்னார்கள் என்று குறிப்பெழுதுவது என் வேலை. பதினோரு வருடமாக எழுதுகிறேன். பேசுகிறவர்கள் வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டுப் போவார்கள். மறுநாள், “அப்படி நான் சொல்லவே இல்லையே” என்று என்னிடம் வந்து நிற்பார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறதென்று வீட்டில் சொல்கிறார்கள். வராமல் என்ன செய்யும்?

என் அண்ணிக்குக் கோபமே வராது. அதனால் அவருக்கும் சேர்த்து நான்தான் கோபப்பட வேண்டியிருக்கிறது. அவர் என் அண்ணனின் மனைவி. அண்ணன் வாழ்நாளில் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அவரைக் கல்யாணம் செய்ததுதான். இதே பல்கலைக்கழகத்தின் கணினித் துறையில் ஆய்வக உதவியாளர். அறுபது கணினிகளும் மூன்று பிரிண்டர்களும் சொட்டிக்கொண்டே இருக்கும் ஒரு ஏசியும் அவர் பொறுப்பு. பேராசிரியர்களுக்கு அவர் ‘வயர் அம்மா’. ப்ரொஜெக்டர் எரியவில்லையா, கூப்பிடு வயர் அம்மாவை.

ஆறு வருடத்துக்கு முன், பார்வையில்லாத மாணவி ஒருத்தி, கணினி வாசிக்கக் கேட்டுக் கணக்குப் பரீட்சை எழுதினாள். சமன்பாடு வந்த இடத்திலெல்லாம் கணினி உளறிக் கொட்டியது. அந்தப் பெண் அழுதுகொண்டே வெளியே போனதை அண்ணி பார்த்தார். அன்றிலிருந்து மதிய இடைவேளைகளில் உட்கார்ந்து, கணக்கை ஒழுங்காக வாசிக்கும் ஒரு மென்பொருளை எழுதி முடித்தார். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், திருத்தியதை மற்றவர்களுக்கும் கொடுக்கலாம் என்று அதை இணையத்தில் போட்டார். திறந்த மூல மென்பொருள் என்கிறார்களே, அது இதுதான்.

முகம் தெரியாதவர்களெல்லாம் திருத்தம் அனுப்ப ஆரம்பித்தார்கள். அண்ணி ஒவ்வொன்றையும் வரிவரியாகப் படிப்பார். “பார்வையில்லாத ஒருவராவது இதைப் பயன்படுத்திப் பார்த்தாரா?” என்று கேட்டு, பதில் வராமல் எதையும் சேர்க்க மாட்டார். ஆம் என்று பொய் சொன்னால் என்ன செய்வீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

“போடி, இதுல பொய் சொல்லி யாருக்கு என்ன கெடைக்கப் போகுது?” என்றார். இப்படி ஒரு வெள்ளை மனசு.

போன வருடம் பக்கத்து ஊர்ப் பல்கலைக்கழகமும் நாங்களும் சேர்ந்து இந்த மென்பொருளை வளர்ப்பதென்று முடிவானது. திட்டமிட ஐந்து கூட்டம் நடந்தது. எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் முதலில் வருவது என்பதற்கே இரண்டு கூட்டம் போய்விட்டது. மூன்றாவதில் சின்னத்தின் நிறம். நான்காவதில் யாருடைய சர்வர். ஒருவருக்காவது அண்ணியைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. ஐந்தாவதில், அந்தப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒப்பந்தத்தில் ஏழாவது விதியைச் சேர்த்தார். இனி இரண்டு பல்கலைக்கழகங்களின் ஆசிரியர்கள் தவிர வேறு யாரும் மென்பொருளில் கைவைக்கக் கூடாது.

அதைத் தட்டச்சு செய்யும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணி ஆசிரியர் இல்லையே! தான் எழுதியதில் ஒரு வரியை அவர் மாற்ற முடியாது. வீட்டுக்குப் போய்க் கத்தினேன்.

“நீங்க பெத்த பிள்ளைய தூக்கிட்டுப் போறாங்க. வாயத் தொறந்து கேளுங்க அண்ணி!”

அண்ணி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். ஒரே சட்டையை மூன்று தரம் மடித்தார்.

“கேட்டா மட்டும்? நம்ம பேச்சு அங்க எடுபடுமா? திருத்தம் அனுப்புறவங்ககிட்ட மட்டும் சொல்லிடணும். பாவம், காத்துட்டிருப்பாங்க” என்றார். அன்றே இணையப் பக்கத்தில், புது விதி வருவதால் அடுத்த மாதத்திலிருந்து தன்னால் திருத்தங்களை வாங்க முடியாமல் போகலாம் என்று எழுதிவிட்டார். அப்போதுதான் பார்த்தேன், அவர் கண் கலங்கியிருந்தது.

ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாள் வந்தது. அந்தப் பேராசிரியர் தங்களிடம் இருக்கும் பிரதியை ஓட்டிக் காட்ட ஆசைப்பட்டார். ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. வயர் அம்மா வந்தார். வயரை மாற்றினார். மென்பொருள் வாசிக்கத் தொடங்கியது. திரையில் மைனஸ் மூன்று என்றிருந்த இடத்தில் அது வெறும் “மூன்று” என்றது.

யாரும் கவனிக்கவில்லை. கையில் வயரோடு நின்ற அண்ணி சொன்னார்: “சார், அது மைனஸை முழுங்குது. ஆறு மாசம் முன்னாடியே சரி பண்ணியாச்சு. உங்க பிரதி பழசு.”

பேராசிரியர் முகம் சுருங்கியது. “பாதுகாப்புக்காக, வெளித் திருத்தம் எதுவும் சேராம பூட்டி வெச்சிருந்தோம். சரி, சரி பண்ணினது யாரு? நீங்களா?”

“இல்ல சார், உங்க பல்கலைக்கழகத்துக்காரர்தான். மெயில் முகவரி உங்களோடதுதான். ரெண்டு வருஷமா திருத்தம் அனுப்புறார். பேரு போட மாட்டார். ‘தொலைபேசி அறை’ன்னுதான் கையெழுத்து.”

“தொலைபேசி அறையா?” பேராசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “எங்க ஆப்பரேட்டரா? அவருக்குக் கண்ணு தெரியாதேம்மா!”

அண்ணி வயரை மேசைமேல் வைத்தார். “ஐயோ, அவர்கிட்டயா நான் ஒவ்வொரு தடவையும் கேட்டேன்? ‘ஒருவர் பயன்படுத்திப் பார்த்தார்’னு மட்டும் எழுதுவாரே” என்றார்.

பேராசிரியருக்கு நம்பிக்கை வரவில்லை. மேசைத் தொலைபேசியில் தன் பல்கலைக்கழக எண்ணை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

“வணக்கம், யாருக்கு இணைக்கணும்?”

“உங்ககிட்டதான் பேசணும்” என்று பேராசிரியர் விஷயத்தைச் சொன்னார். “அந்த மைனஸ் தப்பை எப்படிப் பிடிச்சீங்க?”

“அதுவா சார்? நான் காலேஜ் படிச்சப்போ பரீட்சைல கம்ப்யூட்டர் அப்படித்தான் வாசிச்சுது. வேற மென்பொருள், ஆனா அதே தப்பு. மைனஸ் இருந்ததே எனக்குத் தெரியல. கணக்குல போச்சு. மறுபடி எழுத வீட்ல வசதி இல்ல, இந்த வேலைக்கு வந்துட்டேன்.” குரலில் குறைப்பட்டுக்கொள்ளும் சாயலே இல்லை. “அதனால எந்த மென்பொருள் வந்தாலும் முதல்ல மைனஸைத்தான் சார் தேடுவேன்.”

அவரே தொடர்ந்தார்.

“சார், ஒண்ணு கேக்கலாமா? அடுத்த மாசத்துலேருந்து நாங்க அதுல கைவைக்கக் கூடாதுன்னு விதி வருதாமே, போன வாரம் மென்பொருளை எழுதினவங்க பக்கத்துல போட்டிருந்தாங்க. பின்னத்தை வாசிக்கிற திருத்தம் ஒண்ணு பாதியில நிக்குது. எத்தனாம் தேதி வரைக்கும் சார் டைம்? லீவு போட்டாவது முடிச்சு அனுப்பிடறேன்.”

பேராசிரியர் எதிரே கிடந்த ஒப்பந்தத்தைப் புரட்டினார். பேனாவைத் திறந்து, ஏழாவது விதியின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டு, காகிதத்தை எங்கள் கணினித் துறைத் தலைவர் பக்கம் தள்ளினார். அவரும் ஒரு கோடு போட்டார். பிறகு பேராசிரியர் தொலைபேசிக்கு அருகே குனிந்தார்.

“தேதியெல்லாம் ஒண்ணும் இல்லப்பா. நிதானமா முடிச்சு அனுப்புங்க. இவங்கதான் வாங்கிப்பாங்க.”

“இவங்கன்னா?”

பேராசிரியர் எழுந்து, தன் நாற்காலியை அண்ணிக்கு இழுத்துப் போட்டார்.