புள்ளி விழுந்த காசித்தும்பை

எழுபதுகளின் கடைசியில் கல்யாணமாகித் திருவண்ணாமலைக்கு வந்தேன். வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையை வாடகைக்கு விட்டிருந்தார்கள். அரிசி மில்லில் வேலை செய்யும் ஒருவரும் அவர் மனைவியும் அதில் இருந்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் நடுவே இடுப்பு உயரத்துக்கு ஒரு சுவர்.

அந்தச் சுவரோரம் அத்தை, அதாவது என் மாமியார், அடுக்குக் காசித்தும்பை வளர்த்தார். பெங்களூரிலிருந்து அவர் தம்பி கொடுத்தனுப்பிய விதை. சிவப்பிலும் வெள்ளையிலும் சின்ன ரோஜா மாதிரி பூக்கும். யார் கேட்டாலும் ஒரு விதை தரமாட்டார்.

பாத்திரம் துலக்கும்போது முற்றிய காய்களைப் பறித்துச் சுவர்மேல் வைத்து விரலால் தொடுவேன். பட்டென்று வெடித்து விதை அந்தப் பக்கம் தெறிக்கும். அந்த வீட்டில் எனக்கு இருந்த விளையாட்டு அது ஒன்றுதான். அத்தைக்குத் தெரியாமல் செய்வேன்.

அடுத்த மழைக்கு அந்தப் பெண்ணின் வாசலில் ஒரு செடி தானாக முளைத்தது. அடுக்குப் பூதான். ஆனால் வெள்ளை இதழில் சிவப்பைத் தெளித்த மாதிரி புள்ளிகள். அவள் அதைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கள் கிணற்றுக்குத் தண்ணீர் எடுக்க வந்தாள்.

அத்தை அவள் குடத்தைப் பிடித்து நிறுத்தினார்.

"இன்னாடி, ஏது இந்தப் பூ?"

"தானா மொளைச்சதுங்கம்மா."

"எங்க செடியில இந்தக் கலரே இல்ல, உன் வாசல்ல மட்டும் தானா மொளைக்குதா? என் தம்பி குடுத்த பொட்டலத்துல இந்த வெதைய மட்டும் பொறுக்கி எடுத்துக்கினு போயிருக்க. அதான் எனக்கு ஒண்ணுகூட புள்ளியில வரல."

நிறம் எப்படி மாறியது என்று எனக்கும் தெரியாது. விதை எப்படிப் போனது என்று தெரியும்.

"உங்க வூட்டுக்குள்ள நான் காலே வெச்சதில்லம்மா." அவள் என் பக்கம் திரும்பினாள். "நீயே சொல்லும்மா. எந்நேரமும் நீ இங்கதான இருக்கிற."

ஒரு வார்த்தை போதும். நான் தலையைக் குனிந்து சொம்பைத் தேய்த்தேன்.

"பாத்தியா, அவளே உனக்காக வாயத் தொறக்கல" என்றார் அத்தை. "இன்னிக்கு வெதையத் திருடுறவ நாளைக்கு அண்டாவத் தூக்குவா. ரூமைக் காலி பண்ணு."

தீபத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. ஊரில் ஒரு மூலைகூட வாடகைக்குக் கிடைக்காத சமயம். தீபம் முடியும்வரை இருக்கிறோம் என்று அவள் புருஷன் தவிடு படிந்த தலையோடு வந்து கெஞ்சினார். "திருடிக்கு வக்காலத்தா?" என்று தெருவே கேட்கும்படி கத்தினார் அத்தை. மறுநாள் இருவரும் பாத்திர மூட்டையைத் தூக்கிக்கொண்டு கீழ்பென்னாத்தூருக்கு பஸ் ஏறினார்கள். எதிர்வீட்டுப் பெண்கள் சிரித்ததைக் கேட்டேன்.

அடுத்த வருஷம் எங்கள் கிணற்றடியில், யாரும் விதைக்காத இடத்தில், நான்கைந்து செடிகளில் அதே புள்ளிப் பூ பூத்தது.

"அத்தை, இங்க வந்து பாருங்க."

அத்தை ஒரு பூவைக் கிள்ளித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு குனிந்து எல்லாச் செடிகளையும் வேரோடு பிடுங்கிப் போட்டார்.

"அக்கம்பக்கத்துல உளறி வெக்காத."

"சரிங்க அத்தை" என்றேன். செடிகளை வாரிக் குப்பையில் கொட்டி, பூ வெளியே தெரியாதபடி மேலே சருகைப் போட்டு மூடினேன்.